இரண்டாவது எலிஷாமா

எலிஷாமா என்ற பெயரைத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சி 'எலிச்சாமி' என்றாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குப்பிள்ளை, "ஏம்மா ஜூடித், பிள்ளையாரோட வாகனத்துப் பேரையா வெச்சிருக்கே?" என்று கேட்டுச் சிரித்தார். ஜூடித் கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்காமல் இருந்து, இனிமேல் இல்லை என்று லயமே முடிவு கட்டிய பிறகு பிறந்தவன் அவன். யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன, கூப்பிட ஒரு பிள்ளை இருக்கிறதே என்றிருந்தது அவளுக்கு.

பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஹெர்பர்ட் உபதேசியார். தேவாலாவுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டின் தகரக் கூரைக் கோயிலை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆயர் கூடலூரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து ஞானஸ்நானமும் நற்கருணையும் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் செபம், பாட்டு, பிரசங்கம், மணி அடிப்பது எல்லாமே உபதேசியார்தான்.

"எலிஷாமான்னா, என் தேவன் கேட்டார்னு அர்த்தம். நீங்க கேட்டதை அவர் கேட்டுட்டாரில்ல?" என்றார்.

"வேதத்துல யாருங்கய்யா அது?" என்று கேட்டான் ஜூடித்தின் புருஷன் சுவிசேஷமுத்து. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவன். எஸ்டேட் ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை.

"ஒருத்தரா ரெண்டு பேரா? எப்பிராயீம் கோத்திரத்துக்குத் தலைவன் ஒருத்தன். அரண்மனையில எழுத்தன் ஒருத்தன். தாவீது ராஜாவோட பிள்ளை ஒருத்தன். நம்ம ஊர்ல முருகன் எத்தனை, செல்வராஜ் எத்தனை? அந்த மாதிரிதான். ஒருத்தர் வெச்ச பேரை இன்னொருத்தர் எடுத்துக்குவாங்க."

"ராஜா மகன் பேராவே இருக்கட்டும்" என்றாள் ஜூடித்.

வீட்டில் அவன் 'சாமா' ஆனான். ஓயாமல் சத்தம் போடும் பிள்ளை. மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்கிற பிள்ளை மடுவத்தில் அவன் குரல்தான் முதலில் கேட்கும். காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதினால் போதும், வாசலில் நின்று வாயைக் குவித்து அவனும் ஊதுவான். அடிவயிற்றிலிருந்து எழும்பி, உச்சிக்குப் போய், நின்று, இறங்கும். அசல் சங்கு போலவே இருக்கும். அதைக் கேட்டு ஒருநாள் மேஸ்திரியே நேரமாகிவிட்டதென்று ஓடிவந்ததாக லயத்தில் ஒரு கதை உண்டு. பொய்யாகவும் இருக்கலாம். ஜூடித் அதை எல்லோரிடமும் சொல்வாள்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குச் சற்று முன்னால் தேயிலை விலை விழுந்தது. குன்னூர் ஏலத்தில் தூளை வாங்க ஆளில்லை என்றார்கள். ரஷ்யாக்காரன் வாங்குவதில்லை என்றார்கள். விலை நாளைக்கு ஏறும், அடுத்த மாதம் ஏறும் என்று பேசிக்கொண்டே இருக்கையில் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு நின்றது. சங்கு ஊதுவதும் நின்றது. மானேஜர் பங்களாவைப் பூட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் போனார். மருந்து அலமாரியை வண்டியில் ஏற்றி எங்கோ கொண்டுபோனார்கள். கதவில் தொங்கிய பூட்டு அந்த மழைக்காலத்திலேயே துருப்பிடித்துவிட்டது.

இளவட்டங்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறின. சுவிசேஷமுத்துவுக்குத் திருப்பூர் போக மனமில்லை. எஸ்டேட் மறுபடி திறக்கும் என்று நம்பியவர்களில் அவனும் ஒருவன். அதனால் வயநாட்டில் மேப்பாடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனான். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் அரிசியோடு வருவான். ஜூடித் எஸ்டேட் காட்டில் விறகு பொறுக்கித் தேவாலாவில் விற்றாள்.

அந்த ஜூலையில் மழை பிடித்தது பிடித்தபடி விடவில்லை. சாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல்தான். சுக்குத் தண்ணீர் கொடுத்தாள், நெற்றியில் பற்றுப் போட்டாள். பேச்சியிடம் இருந்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கரைத்து ஊற்றினாள், அவன் துப்பினான். பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவில் குழி விழுந்தது.

"இனி வெச்சிருக்காதே, தூக்கு" என்றாள் பேச்சி.

இரண்டு பெண்களும் அவனைக் கம்பளியில் சுற்றி, மேலே உரச்சாக்கைப் போர்த்தி, மாறிமாறித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். பஸ் நிறுத்தத்துக் கூரைக்கடியில் நின்றார்கள். கூடலூர் பஸ் வரவில்லை. நாடுகாணிப் பக்கம் மண் சரிந்து, மரம் குறுக்கே விழுந்து கிடக்கிறது என்று நடந்து வந்த ஒருவர் சொன்னார். முன்பென்றால் எஸ்டேட் ஜீப் இருந்திருக்கும். ஜீப்பைப் போன மாதமே விற்றுவிட்டிருந்தார்கள். பேச்சி மழையில் ஓடி, கடைத்தெருவில் யாரிடமாவது வண்டி உண்டா என்று கேட்டு அலைந்தாள். அவள் ஒரு பிக்கப் வண்டிக்காரனைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு திரும்பியபோது ஜூடித் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் இருந்தது. சாக்கு கீழே கிடந்தது.

"சாமா, சாமா, எலிஷாமா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்காரன் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

மேப்பாடிக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, அடைபட்ட ரோட்டைச் சுற்றிக்கொண்டு சுவிசேஷமுத்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மழையில் வைத்திருக்க முடியாது என்று உபதேசியார்தான் முடிவெடுத்தார். கோயிலுக்குப் பின்னாலுள்ள சரிவில், சில்வர் ஓக் மரத்தடியில், சிவப்பு மண் குவியலைத்தான் அப்பன் பார்த்தான். மண்ணின் மேல் தென்னங்கீற்றைப் போட்டிருந்தார்கள், மழை கரைக்காமல் இருக்க. அவன் கீற்றை எடுத்துவிட்டுப் பார்த்தான். பிறகு மறுபடி மூடினான்.

ஜூடித் அன்றோடு பேசுவதை நிறுத்தினாள். கேட்டால் தலையசைப்பாள், சமைப்பாள், விறகுக்குப் போவாள். ஆனால் வாய் திறக்க மாட்டாள். லயத்தில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. பேச்சிகூட, 'எலிச்சாமி' என்று வாயில் வந்துவிடுமோ என்று பயந்தவள் போல, பிள்ளைகளைப் பற்றிய பேச்சையே விட்டாள். சுவிசேஷமுத்துவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள் என்று நினைத்தான். உண்மையில் அந்தப் பெயரைச் சொல்ல அவனாலேயே முடியவில்லை.

அடுத்த வருஷம் மறுபடி கர்ப்பமானாள். கூடலூர் அரசு ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும், அத்தனை நாள் மூடியிருந்த வாய் திறந்தது.

"எலிஷாமா" என்றாள்.

பக்கத்தில் நின்ற சுவிசேஷமுத்து நர்ஸைப் பார்த்தான். மயக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொன்னாள்.

"வேண்டாம் ஜூடித். செத்த பிள்ளை பேரு. கேக்கிறவங்க என்ன சொல்வாங்க?"

"கேட்டா இதைக் காட்டுங்க" என்று பெட்டியிலிருந்து வேதபுஸ்தகத்தை எடுத்து அவன்முன் விரித்தாள். முதலாம் நாளாகமம், மூன்றாம் அதிகாரம். தாவீதுக்கு எருசலேமில் பிறந்த பிள்ளைகளின் பெயர் வரிசை. வாய்க்குள் நுழையாத பெயர்கள் என்று யாரும் வாசிக்காமல் தாண்டிப்போகிற பக்கம். பேசாமல் இருந்த அந்த நாட்களில் அவள் இதைத்தான் தடவிக்கொண்டிருந்தாள் போலும், ஓரம் அழுக்கேறியிருந்தது. "படிங்க. இப்கார், எலிஷாமா, எலிப்பெலேத். கொஞ்சம் தள்ளி, மறுபடி எலிஷாமா. மறுபடி எலிப்பெலேத். ஒரே அப்பனுக்கு ரெண்டு எலிஷாமா."

சுவிசேஷமுத்துவுக்கு விளங்கவில்லை. புஸ்தகத்தோடு உபதேசியாரிடம் போனார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரிகளை வெகுநேரம் பார்த்தார்.

"பெரியவங்க ரெண்டு விதமாச் சொல்றாங்க" என்றார். "முதல் பிள்ளை சின்னதிலேயே தவறியிருக்கும், அதனால அடுத்துப் பிறந்ததுக்கு அதே பேரை வெச்சிருப்பாங்கன்னு சிலர். அப்படி இல்ல, எழுதினவன் கை தவறிட்டான்னு சிலர். ஏன்னா இதே புஸ்தகத்துல இன்னொரு எடத்துல அந்த முதல் பேரு எலிசூவான்னு இருக்குது. வேதம் இதுதான்னு சொல்லல, ஜூடித்."

"செத்தவனோட பேரை வெச்சிருக்காங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க" என்றாள் அவள்.

"இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"அந்த அம்மாவுக்கு இருக்கலாம்னா எனக்கும் இருக்கட்டும் ஐயா."

ஹெர்பர்ட் உபதேசியார் சுவிசேஷமுத்துவைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கேட்காத அவள் குரல் இப்போது கேட்கிறது. அதை மறுபடி நிறுத்த அவனுக்குத் தைரியமில்லை. அடுத்த முறை ஆயர் வந்தபோது, அதே கோயிலில், அதே பெயரில் இரண்டாம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனது. ஆயருக்குப் பழையது ஒன்றும் தெரியாது. நல்ல பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் சில வருஷங்கள் நன்றாகவே இருந்தன. எஸ்டேட் திறக்கவில்லை. செடிகளை வெட்ட ஆளில்லாமல் இடுப்பளவு நின்ற தேயிலை ஆளுயரத்துக்கு வளர்ந்து காடாகியது. லயத்தில் பாதி வீடுகள் காலி. ஆனால் ஜூடித் சிரித்தாள், பேச்சியோடு வம்பு பேசினாள். நாள் முழுக்க "சாமா, சாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளையைத் தேவை இருந்தும் கூப்பிட்டாள், இல்லாமலும் கூப்பிட்டாள். சுவிசேஷமுத்து மட்டும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் பிள்ளை 'தம்பி'தான்.

இவன் அண்ணனைப் போல் இல்லை. சத்தமே போட மாட்டான். பேச்சு தாமதமாக வந்தது. ஓரிடத்தில் உட்கார வைத்தால் அங்கேயே இருந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். இடது கையால் சாப்பிடுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜூடித் வலது கையைப் பிடித்து, "மறந்துட்டியா?" என்பாள்.

சுவிசேஷமுத்து அதை ஒரு கொஞ்சலாகத்தான் எடுத்துக்கொண்டான். ஒரு சனிக்கிழமை மேப்பாடியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஜூடித்தின் குரல் கேட்டது.

"ஊது சாமா. எப்படி ஊதுவே நீ! மேஸ்திரி ஓடி வருவாரே! ஊது."

பிள்ளை அடுப்படியில் நின்றிருந்தான். வாயைக் குவித்தான். வெறும் காற்றுதான் வந்தது. அவன் பிறந்ததிலிருந்து அந்த ஃபேக்டரியில் சங்கு ஊதியதே இல்லை. எதைப் போல ஊத வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. மறுபடி முயன்றான், கன்னம் உப்பியது, கண்ணில் நீர் கோர்த்தது.

"வேணும்னே பண்றே" என்றாள் ஜூடித். அந்தக் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் இருந்தது.

சுவிசேஷமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அந்த மழைக்காலத்தில் பிள்ளைக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. சுவிசேஷமுத்து வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். தேவாலாவில் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி வந்திருந்தார்கள். ஜூடித் கரண்டியில் மருந்தை ஊற்றி, மகனின் தாடையைப் பிடித்தாள்.

"துப்பக்கூடாது. போன தடவ நீ துப்பினதாலதான் அப்படி ஆச்சு. இந்தத் தடவ முழுங்கணும்."

பிள்ளை விழுங்கினான். அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் விழுங்கினான். அவள் சுடுதண்ணீர் எடுக்கப் போனதும் அப்பன் பக்கம் திரும்பினான்.

"அப்பா."

"என்ன தம்பி?"

"போன தடவ நான் செத்தப்போ வலிச்சுதா?"

பிள்ளை பயந்து கேட்கவில்லை. மறந்துபோன ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுபோல் கேட்டான்.

"நீ சாகலடா. அது உங்க அண்ணன்."

"அங்க என் பேருதானே எழுதியிருக்கு?"

சில்வர் ஓக் மரத்தடியில் இருந்த மரச் சிலுவையைச் சொல்கிறான். ஞாயிறுதோறும் கோயில் முடிந்து ஜூடித் அவனை அங்கேதான் அழைத்துப் போவாள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய அவன் முதலில் வாசித்த பெயர் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சுவிசேஷமுத்து அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

காய்ச்சல் இறங்கி, பிள்ளை பேச்சியின் வீட்டுக்கு விளையாடப் போன ஒரு பகலில் அவளிடம் கேட்டான்.

"ஜூடித், இவன் அவனில்ல. உனக்குத் தெரியுதா இல்லையா?"

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியாதா? என் மடியில செத்தான். நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் இப்படிப் பண்றே?"

"அவன் போன அன்னைக்கே எல்லாரும் சேந்து அவன் பேரையும் புதைச்சிட்டீங்க. பேச்சி சொல்லல. உபதேசியார் சொல்லல. பெத்த அப்பன், நீங்களும் சொல்லல. ஒரு நாளைக்கு எத்தனை தடவ கூப்பிட்ட வாய் இது. எங்க போய்க் கூப்பிடுவேன்? காட்டைப் பாத்துக் கூப்பிட்டா பைத்தியம்பீங்க." முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பேரைச் சொன்னா 'என்னம்மா'ன்னு ஒரு குரல் வரணும். எனக்கு அது போதும். யார் குரலா இருந்தாலும் போதும்."

"இவனுக்குப் போதுமா?"

அவள் முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சுவிசேஷமுத்து உபதேசியாரைத் தேடிப் போனான். கோயிலில் மணிக்கயிறு இற்றுவிட்டிருந்தது. புதுக் கயிறு கட்ட ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு குடும்பம் வந்தால் அதிகம். ஹெர்பர்ட் உபதேசியாருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இற்ற மணிக்கயிற்றைக் கையில் சுருட்டினார்.

"நான் அன்னைக்கே தடுத்திருக்கணும்" என்றார். "தடுத்திருந்தா அவ என்ன ஆயிருப்பான்னும் தெரியல."

"வேற பேரு ஒண்ணு சொல்லுங்கய்யா. வேதத்துல ஒரே ஒருத்தனுக்கு மட்டும் இருக்கிற பேரா. அவனுக்கு முன்னாலயும் யாருமில்ல, பின்னாலயும் யாருமில்லங்கிற மாதிரி."

உபதேசியார் புஸ்தகத்தைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் புரட்டினார். யோசித்து யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். சகரியா என்றால் எண்ணவே முடியாது என்றார். கடைசியில் அதே நாளாகமத்துப் பக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

"இதோ, ரெண்டு எலிஷாமாவுக்கும் நடுவுல ஒருத்தன் இருக்கான். நோகா. தாவீதோட பிள்ளைதான். என்ன செஞ்சான், எப்போ செத்தான், ஒண்ணும் கிடையாது. பேரு மட்டுந்தான்."

"நோகா." சுவிசேஷமுத்து சொல்லிப் பார்த்தான். "வலிக்காதுன்னு அர்த்தமாங்கய்யா?"

"எபிரேய பாஷையில வெளிச்சம்னு சொல்வாங்க." கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு அது வலிக்காதுன்னு கேட்டா அப்படியே வெச்சுக்க."

மேப்பாடியில் கூட வேலை பார்த்த ஒருவன் மூலமாக அருவங்காட்டில் ஒரு வேலை கிடைத்தது. வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு வெளியே லிங்கசாமி என்ற கோயமுத்தூர்க்காரர் பேக்கரி வைத்திருந்தார். வர்க்கி பிஸ்கட் சுடும் அடுப்புக்கு ஆள் வேண்டும். தங்க ஒரு அறையும் உண்டு. சுவிசேஷமுத்து ஜூடித்தை எவ்வளவோ கூப்பிட்டான்.

"கரண்ட்டையும் நிறுத்தப் போறாங்களாம். லயத்துல இனி யாரு இருக்கா? நாம மூணு பேரும் போயிருவோம்."

"நாலு பேர்" என்றாள் ஜூடித். "ஒருத்தனை விட்டுட்டு எப்படி வர்றது?"

"அப்போ இவனை நான் கூட்டிட்டுப் போறேன். அவன் ஒரு இஸ்கூலுக்குப் போகட்டும். வேற பேர்ல."

அவள் தடுக்கவில்லை. பிள்ளையின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். அவற்றில் சில பெரியவனுடையவை. அவற்றை மட்டும் எடுத்துப் பெட்டியிலேயே திரும்ப வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும்போது பிள்ளை ஜன்னலில் கையை நீட்டினான். அவள் பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.

அருவங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், "நோவாதானே? பேழை செஞ்சவரு?" என்றார்.

"இல்லீங்க சார். நோகா."

"அப்படியொரு பேரா?" என்று சந்தேகத்தோடு எழுதிக்கொண்டார்.

லிங்கசாமி, "ஏனுங்க சுவிசேஷம், பையன் வாயையே தெறக்க மாட்டேங்கறானுங்களே, ஊட்ல அம்மாவைத் தேடுறானாட்ட இருக்குதுங்க" என்றார். உண்மைதான். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து, சூடான அடுப்புச் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்திருப்பான். யாராவது நோகா என்று கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டான். அது தனக்குத்தான் என்பது நினைவுக்கு வரச் சற்று நேரமாகும். மெல்ல மெல்லப் பழகினான். 'போன தடவ' என்ற பேச்சு நின்றது. ஒருநாள் வர்க்கி மாவில் எலி பொம்மை செய்து, வாலை நீளமாக உருட்டி ஒட்டி, தானாகச் சிரித்தான். அன்று சுவிசேஷமுத்து அடுப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதான். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று அப்போது நினைத்தான்.

இடையில் அவன் மட்டும் இரண்டு மூன்று முறை தேவாலாவுக்குப் போய் வந்தான். அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக் கொடுத்தான். ஜூடித் வாங்கி வைத்துக்கொள்வாள். பிள்ளையைப் பற்றிக் கேட்க மாட்டாள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள், பக்கத்து ஊர்ச் சேதியைக் கேட்பது போல. உபதேசியார் கண் முழுக்கப் போய், குன்னூரில் தங்கை மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கோயில் திறப்பதில்லை.

"இப்போல்லாம் கூப்பிடறதே இல்லப்பா" என்றாள் பேச்சி. "முன்னே சுவத்தைப் பாத்தாவது அந்தப் பேரைச் சொல்லிட்டிருப்பா. நீங்க போனப்புறம் அதுவும் இல்ல. நல்லாத்தான் இருக்கா. வேலை செய்யறா, தூங்கறா. ஆனா எனக்கு அவளைப் பாத்தாப் பயமா இருக்கு."

மே மாத லீவில் பிள்ளை கேட்டான்: "அம்மாவைப் பாக்கப் போலாமா?"

போனார்கள். ஊட்டியில் பஸ் மாறி, கூடலூரில் மாறி, தேவாலாவில் இறங்கினார்கள். பிள்ளை அம்மாவுக்கென்று வர்க்கிப் பொட்டலம் ஒன்றை வழிநெடுக மடியில் வைத்திருந்தான். மரமாகிவிட்ட தேயிலைக்கு நடுவே பாதை குறுகிப்போயிருந்தது. லயத்தில் பேச்சி வீட்டிலும் ஜூடித் வீட்டிலும் மட்டும்தான் புகை.

ஜூடித் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் தலை சீவி, முகம் கழுவி, சுத்தமாக இருந்தாள். புருஷனைப் பார்த்ததும், "வாங்க" என்றாள். பிள்ளையைப் பார்த்துப் புன்னகை செய்தாள். யார் வீட்டுப் பிள்ளை வந்தாலும் செய்கிற புன்னகை.

உள்ளே உட்கார வைத்துத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளைக்கு ஆற்றிக் கொடுத்தாள். அவன் பொட்டலத்தை நீட்டினான். வாங்கிப் பிரித்துப் பார்த்து, "எனக்கா? எதுக்குப்பா இதெல்லாம்?" என்றாள். பிறகு கேட்டாள்:

"உன் பேரு என்னப்பா?"

பிள்ளை அப்பனைப் பார்த்தான்.

"நோகா" என்றான் பிள்ளை.

"நல்ல பேரு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். விளையாடுகிறாளா, கோபத்தில் செய்கிறாளா என்று சுவிசேஷமுத்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகத்தில் இரண்டும் இல்லை. பிள்ளை தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவள் பின்னால் போய் நின்றான். சேலைத் தலைப்பின் நுனியைத் தொட்டான்.

"அம்மா. நான்தாம்மா. எலிஷாமா."

ஜூடித் திரும்பினாள். அவன் உயரத்துக்குக் குனிந்து, தோளைப் பிடித்து, மிக மெதுவாக, அறியாத பிள்ளைக்குப் புரியும்படிச் சொல்வது போலச் சொன்னாள்.

"இல்லப்பா. எலிஷாமா செத்துப்போயிட்டான். மேல மரத்தடியில படுத்திருக்கான். அவனை மழையில தூக்கிட்டுப் போனேன், பஸ் வரல."

சொல்லும்போது அவள் கண்ணில் நீர் வழிந்தது. பிள்ளை இறந்த நாளிலிருந்து அவள் அழுது சுவிசேஷமுத்து பார்த்ததில்லை. இதைத்தான் அவள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவன் விரும்பியிருந்தான். இப்போது ஒப்புக்கொண்டுவிட்டாள். அவள் கணக்கில் அவளுக்கு ஒரே பிள்ளைதான் பிறந்தது, அது செத்துப்போனது.

அவள் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தாள், அவனும் அழுதுகொண்டிருந்தான். "நீ ஏம்பா அழுவறே? உங்கம்மா தேடுவாங்க, பொழுதோட கிளம்பு" என்றாள்.

சுவிசேஷமுத்து எழுந்தான். பேச்சி தன் வீட்டு வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பனும் மகனும் கீழே இறங்கி, பஸ் நிறுத்தத்துக் கூரைக்கடியில் நின்றார்கள். அன்று மழை இல்லை. பஸ் நேரத்துக்கு வந்தது.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே பிள்ளையின் தலையைத் தட்டி, "தம்பி பேரென்ன?" என்று கேட்டார். பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் மறுபடி கேட்டார். அவன் கடைசிவரை திரும்பவில்லை.